மேரியின் முன்பல்லும் என் தங்கப்பல்லும்

1

வெளிநாட்டில் இருப்பவர்கள் நம் ஊர்க் கோயிலின் பங்கு மலருக்கு நாலு வரி எழுதி அனுப்ப வேண்டும் என்று தம்பி மகன் ஃபோனில் கேட்டான். நாலு வரியில் அடங்குகிற ஆளா நான்? கொஞ்சம் இடம் கூடுதலாக ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.

என்னை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மேலத்தெரு சூசை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மலேசியாவின் செம்பனைத் தோட்டத்துக்குக் குலை வெட்ட ஒரு பெட்டியோடு வந்தவன். செம்பனை என்றால் எண்ணெய் எடுக்கிற பனை. நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்துக்கொண்டே வெட்ட வேண்டும். குலை தலையில் விழுந்தால் ஆள் காலி. நான் வெட்டினேன், பிறகு அந்தக் குலைகளை ஏற்றும் லோரியை ஓட்டினேன், இப்போது மூன்று லோரிக்குச் சொந்தக்காரன். புக்கிட் ரோத்தானுக்கு வந்து என் பெயரைச் சொல்லி வழி கேளுங்கள். சீனர் மளிகைக் கடையில்கூடக் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

என் மனைவி ஆரோக்கியமேரி இங்கேயே தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். எங்களுக்குக் கல்யாணமாகி இந்த வருடத்தோடு முப்பத்தைந்து ஆண்டு. தோட்டத்துச் சின்னக் கோயிலின் திருநாளும் எங்கள் கல்யாண நாளும் ஒரே ஞாயிறில் வந்தன. தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, எல்லாரும் தாமான் என்று சொல்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆனாலும் திருநாளுக்கு எங்கிருந்தாலும் வந்துவிடுவார்கள். அன்றைக்கு மன்றாட்டு மாலையை முன்னால் நின்று பாடுவது மேரிதான். பதினெட்டு வயதிலிருந்து அவள்தான். அவள் குரலைக் கேட்டுத்தான் நான் அவளைப் பெண் கேட்டுப் போனேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

இரண்டு வருடமாக அவள் பாடவில்லை. இந்தத் திருநாளிலாவது பாடுவாளா என்பதுதான் விஷயம். அதற்குக் குறுக்கே நின்றது ஒரு பல்.

2

பல் எப்படிப் போனது என்று கேட்டால் சிரிப்பீர்கள். அரிசி மூட்டையின் தையல் நூல். வீட்டில் மூன்று கத்தரிக்கோல் இருக்கிறது, எல்லாம் நான் வாங்கிப் போட்டதுதான். மேரி நூலைப் பல்லால் கடித்து இழுத்தாள். முன்பல்லின் ஓரம் சில்லாகப் பெயர்ந்து கையில் வந்தது.

"சின்ன மூலதானே, விடுங்க," என்றாள். விட்டோம். பெயர்ந்த இடத்தில் பழுப்பு ஏறியது, பக்கத்தில் சொத்தையும் விழுந்தது. அதைவிட மோசம் ஒன்று நடந்தது. ச என்ற எழுத்து வரும்போதெல்லாம் அந்த ஓட்டை வழியாகக் காற்று சீட்டியடிக்க ஆரம்பித்தது.

மன்றாட்டு மாலையில் எத்தனை ச என்று உங்களுக்கே தெரியும். சூசையப்பர், சவேரியார், செபஸ்தியார், எல்லாரும் அதிலே வந்து நிற்கிறார்கள். அந்த வருடத் திருநாளில் என் பெயர்க்காரப் புனிதரைக் கூப்பிடும்போது சீட்டி நன்றாகவே கேட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேரி முடிக்கும் வரை பாடினாள். அதன் பிறகு பாடவில்லை.

கேட்டவர்களிடம் தொண்டை கட்டிவிட்டது என்றாள். மறு வருடமும் தொண்டை என்றாள். யாரோ கைபேசி இணையத்தில் கிடைத்த மன்றாட்டு மாலையை ஒலிபெருக்கியில் போட்டார்கள். நடுவில் விளம்பரம் ஒன்று வந்தது. சாமியார் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டிலும் அவள் சிரிக்க வேண்டியிருந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். என்னிடமே அப்படித்தான்.

3

நான் சும்மா இருக்கவில்லை. "மேரி, தங்கப்பல் போட்டுடுவோம்," என்று அப்போதே சொன்னேன்.

தங்கப்பல் என்றால் எனக்கு என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் டவுசர் போட்ட வயதில், பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் நம் தெருவில் நடந்து போனார். சட்டை சாதாரணச் சட்டை, செருப்பும் சாதாரணம். யாரோ ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். வாய்க்குள் வெயில் பட்டது மாதிரி ஒரு பளிச். பெரியவர்கள்கூட எழுந்து நின்று பேசினார்கள். என் அப்பா வாழ்நாள் முழுக்கச் சிரித்தும் யாரும் எழுந்து நின்றதில்லை. அந்தப் பல்லைப் பார்த்துத்தான் நான் கடல் தாண்டினேன். சொந்தமாக முதல் லோரி வாங்கிய வருடம், கிள்ளானில் ஒரு சீன வைத்தியரிடம் போய் எனக்கும் ஒன்று கட்டிக்கொண்டேன். நான்கு வருடம் முன்னால் ஊருக்கு வந்தபோது நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் இருக்க முடியாது.

எங்கள் மகள் ஷீலா கோலாலம்பூரில் ஒரு வங்கியில் பெரிய வேலையில் இருக்கிறாள். அவள் பட்டம் வாங்கிய அன்று படம் எடுக்கும்போது, "வாய மூடிச் சிரிங்கப்பா," என்றாள். மூடித்தான் சிரித்தேன். படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மலச்சிக்கல் வந்தவன் மாதிரி இருக்கிறேன். அவள் பிள்ளைகள் இரண்டும் என்னோடு ஆங்கிலத்தில் பேசுகின்றன. நான் தமிழில் பதில் சொல்கிறேன். யாருக்கு எவ்வளவு புரிகிறதோ அவ்வளவு போதும் என்று வைத்திருக்கிறோம்.

தங்க விஷயத்தை மேரி மகளிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அன்றைக்கே ஃபோன்.

"அப்பா, ப்ளீஸ், அம்மாவுக்கு கோல்டு மட்டும் வேணாம்லா. டூத் கலர்ல ஃபில்லிங் பண்ணுங்க. நேச்சுரலா இருக்கும்."

"அதென்ன டூத் கலர்?"

"பல்லு கலர்லயே அடைப்பாங்கப்பா. போட்டதே தெரியாது."

"போட்டதே தெரியாதுன்னா எதுக்கும்மா போடணும்?"

மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். என் கேள்வி நியாயமானதுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வீடு கட்டுகிறோம், தெரிகிறது. லோரி வாங்குகிறோம், தெரிகிறது. காசைக் கொடுத்து, ஒன்றும் வாங்காத மாதிரி வெளியே வருவது எனக்குப் பழக்கமில்லை.

4

இந்த வருடத் திருநாள் நெருங்கியதும் முதலில் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனோம். இங்கே பல் அடைப்பதற்கு மலாயில் தம்பால் என்று சொல்வார்கள். என் லோரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுவதும் அதே தம்பால்தான். எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கூப்பிட்டதும் நான் எழுந்துபோய் வழக்கம்போல என் அடையாள அட்டையை நீட்டினேன். என்னுடையது சிவப்பு. குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்கான அட்டை. எத்தனை வருடமானாலும் எங்கே நீட்டினாலும் ஒரு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் பார்த்துவிட்டு, "சியாப்பா சாக்கிட், பாக்சிக்?" என்றாள். யாருக்கு நோவு, பெரியவரே, என்று அர்த்தம். நான் மேரியைக் காட்டினேன். மேரியின் நீல அட்டையைக் கொடுத்ததும் வேலை ஓடியது. நோவு இல்லை, வீக்கம் இல்லை என்றதும் நாள் குறித்துக் கொடுத்தார்கள். அது திருநாளுக்குப் பிந்திய நாள். வலியில் துடிக்கிறவர்கள் வரிசையில் இருக்கும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது.

"போதுங்க, அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றாள் மேரி, வாயில் கைக்குட்டையோடு.

"அடுத்த வருசமும் விளம்பரத்தோட மன்றாட்டு மாலை கேக்கச் சொல்றியா?" என்று காரைக் கோலா சிலாங்கூர் டவுன் பக்கம் திருப்பினேன். அங்கே ஒரு தனியார் கிளினிக்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம். எங்கள் ஊர் எது என்று கேட்டாள். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும், "எங்க தாத்தா அந்தப் பக்கத்து எஸ்டேட்லதான் கிராணியா இருந்தாங்களாம்," என்றாள். கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் கணக்குப் பார்க்கிறவர். நாற்காலியில் சாய்ந்திருந்த மேரி சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் கிராணி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து வளர்ந்தவள் அல்லவா.

நான் விடுவேனா? "டாக்டரம்மா, எங்க மாமனாரு கிராணியார் முன்னால நின்னுக்கிட்டேதான் பேசணும், தெரியுமா?" என்றேன்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டே, "இப்ப நான்தானே அங்கிள் நின்னுக்கிட்டு இருக்கேன். ஆன்ட்டி படுத்துக்கிட்டு இருக்கணும், அவங்கதான் எந்திரிச்சிட்டாங்க," என்றாள்.

மேரி மறுபடி சாய்ந்தாள். வாயைத் திறந்தாள். நான் தலைமாட்டில் நின்றுகொண்டேன்.

டாக்டர் கண்ணாடிக் குச்சியால் எல்லாப் பல்லையும் பார்த்தாள். கடைவாயில் பள்ளிக்கூட நாளில் அடைத்த வெள்ளி நிற அடைப்பு ஒன்று இருந்தது. "இது ஸ்ட்ராங்கா இருக்கு, தொட வேணாம்," என்று விட்டுவிட்டாள். முன்பல்லுக்கு வந்தாள்.

"இங்க அந்தச் சில்வர் சரிவராது அங்கிள், கருப்பாத் தெரியும். பல்லு கலர்ல பசை மாதிரி ஒண்ணு இருக்கு. சொத்தைய எடுத்துட்டு அத வெச்சு, நீல லைட் அடிச்சா கெட்டியாயிடும். இன்னிக்கே முடிஞ்சிடும்."

"தங்கம்?"

"தங்கம்னா பல்லச் சுத்திச் செதுக்கி உறை போடணும். மூலதானே போயிருக்கு, மிச்சம் நல்லாதானே இருக்கு."

"காசப் பத்தி நீங்க யோசிக்காதீங்க டாக்டரம்மா. மேரிக்குத் தங்கமே போடுங்க."

"பல்லு யாரோடது அங்கிள்?" என்றாள் டாக்டர். கோபமாக இல்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

மேரி கையிலிருந்த கைக்குட்டையை மடியில் வைத்தாள். "நீங்க சிரிச்சா ஊரு உங்களப் பாக்குது. அது உங்களுக்குப் புடிக்குது, நான் ஒண்ணும் சொல்லல. என் பல்ல யாரும் பாக்கக் கூடாதுங்க. நான் பாடறத மட்டும் கேட்டாப் போதும். தங்கத்தப் போட்டுக்கிட்டு முன்னால நின்னா அத்தன பேரும் பல்லத்தானே பாப்பாங்க? ஓட்டைய பாத்து சிரிச்ச புள்ளைங்க அப்புறம் தங்கத்த பாத்து சிரிக்கும்."

முப்பத்தைந்து வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

5

சரி, நிறத்தையாவது நான் தேர்ந்தெடுக்கிறேன் என்றேன். நிறம் பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. மர உச்சியில் இருக்கிற குலை பழுத்துவிட்டதா, இன்னும் காயா என்று தரையில் நின்று நிறத்தை வைத்தே சொல்வேன். மில்லில் என் லோரிக் குலையைக் காய் என்று திருப்பியது கிடையாது.

டாக்டர் ஒரு தகட்டை எடுத்தாள். துணிக்கடையில் நூல்கண்டு மாதிரிகளை வரிசையாக வைத்திருப்பார்களே, அது மாதிரி சின்னச் சின்னப் பற்கள். வெள்ளையில் இத்தனை வெள்ளையா என்று இருந்தது. நான் கண்ணை இடுக்கிக்கூடப் பார்க்கவில்லை. இருப்பதிலேயே வெள்ளையானதைத் தொட்டேன்.

"இதுதான்."

"ரொம்ப வெள்ளை அங்கிள்."

"மட்டமானத வாங்கிக் குடுத்தேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதில்ல?"

"வெள்ளையா இருந்தா ஒசத்தின்னு இல்ல. எல்லாம் ஒரே தரம், ஒரே விலைதான்."

நான் நம்பவில்லை. அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. அந்த வெள்ளையில் கொஞ்சம் பசையைப் பிதுக்கி, ஒட்டாமல், சும்மா பல்லின் மேல் அப்பிவைத்து, மேரியின் கையில் கண்ணாடியைக் கொடுத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். ராத்திரியில் ஒரு பக்க விளக்கு மட்டும் எரிகிற லோரி எதிரே வந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

மேரி சிரித்தாள். முந்தானை இல்லை, கைக்குட்டை இல்லை. நாற்காலி குலுங்குகிற மாதிரி வாயைத் திறந்து சிரித்தாள். "ஐயோ, இவரு சொல்றதக் கேட்டா நான் டார்ச்லைட்டா ஆயிடுவேன்!" டாக்டர் சிரித்தாள், உதவிக்கு நின்ற பெண்ணும் சிரித்தாள். நான் மட்டும் கடைசியாகத்தான் சிரித்தேன். ஆனால் இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பை வரவழைத்தது என் தேர்வுதான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அதை வழித்து எடுத்துவிட்டு டாக்டர் மேரியை ஜன்னலோரம் கூட்டிப்போனாள். மேலே எரிகிற விளக்கில் நிறம் ஏமாற்றுமாம், பகல் வெளிச்சம்தான் நல்லதாம். பல் காய்ந்தாலும் வெளுத்துக் காட்டுமாம். அதனால் நாக்கால் நனைத்துக்கொள்ளச் சொன்னாள். மேரி தகட்டை வாயோரம் பிடித்துக்கொண்டு கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கல்யாணப் புடவைகூட அவ்வளவு நேரம் பார்த்து எடுக்கவில்லை.

"இது," என்றாள். கொஞ்சம் மஞ்சளோடிய ஒன்று. எனக்குப் பழைய பல் மாதிரி இருந்தது.

"இது ஏன் இவ்வளவு மங்கலா?" என்றேன்.

"அம்பது வருசமா தேத்தண்ணி குடிக்கிற பல்லுங்க. அதோட கூடப்பொறந்தது மாதிரி இருக்க வேணாமா?"

"கரெக்ட் ஆன்ட்டி," என்றாள் டாக்டர்.

பிறகு நடந்ததைத் தலைமாட்டில் நின்று முழுக்கப் பார்த்தேன். சொத்தையைக் குடைந்தாள், ஏதோ நீலமாகத் தடவிக் கழுவினாள், பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து நீல ஒளி காட்டினாள். கடைசியில் தேய்த்து வழவழப்பாக்கினாள். நான் லோரிக்கு டிங்கரிங் பார்க்கிறவன், அதனால் சொல்கிறேன், நல்ல கை. இரண்டு நாளைக்குக் காப்பி, தேநீர், குழம்பு மஞ்சள் எல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள், கறை பிடிக்கும் என்றாள். நூல் கடிக்கவே கூடாது என்றாள். எழுந்ததும் மேரி முதலில் சொன்ன வார்த்தை, "சூசை."

முப்பத்தைந்து வருடத்தில் என் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. திடுக்கிட்டுப் போனேன்.

"உங்களக் கூப்பிடலங்க," என்றாள். "சீட்டி வருதான்னு பாத்தேன்."

வரவில்லை.

காரில் வரும்போது ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டாள். "கோயில்ல யாருகிட்டயும் சொல்லக் கூடாது. எங்க போட்டோம், என்ன விலை, ஒண்ணும் கூடாது. அவங்களுக்கு எனக்குத் தொண்டைதான் கட்டியிருந்துச்சு."

6

திருநாளன்று ஷீலாவும் பிள்ளைகளோடு வந்திருந்தாள். ஆண்கள் பக்கம் நானும், பழைய லயத்துப் பக்கத்து வீட்டுக்காரன் அந்தோணியும் நின்றோம். யாரோ கைபேசியை ஒலிபெருக்கியில் மாட்டப் போனார்கள். மேரி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து முன்னால் போனாள். கைபேசியைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

பாட ஆரம்பித்தாள். குரல் எப்படி என்று எழுத எனக்குப் படிப்பு போதாது. கோயிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டிருந்த வாலிபர்கள் உள்ளே வந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். சூசையப்பர் வந்தார், போனார். சவேரியார் போனார். செபஸ்தியாரும் சத்தமில்லாமல் போனார். முன்வரிசைப் பிள்ளைகள் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, யாரும் யாரையும் இடிக்கவில்லை. வாயை முழுக்கத் திறந்து, தலையை நிமிர்த்திப் பாடினாள். அவள் பல்லை யாரும் பார்க்கவில்லை. நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தோணி என் காதில், "அக்காவுக்குத் தொண்ட சரியாயிடிச்சாண்ணே? யாருகிட்ட காட்டுனீங்க?" என்றான்.

அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கிராணி பேத்தி, நீல வெளிச்சம், பல் தகடு, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"தானா சரியாயிடிச்சுப்பா," என்றேன்.

"கடவுள் புண்ணியம்லா."

"ஆமா. அவரு புண்ணியம்தான்."

பூசை முடிந்து எல்லாரும் எங்களுக்குக் கல்யாண நாள் வாழ்த்துச் சொன்னார்கள். படம் எடுத்தார்கள். ஷீலா தன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வாயை மூடு என்று சொல்லப் போகிறாள் என்று இருந்தேன். "சிரிங்கப்பா," என்றாள், அவ்வளவுதான். படத்தில் என் பல் அடிக்கிற வெளிச்சத்தில் பக்கத்தில் இருப்பவளின் பல்லை யாரும் கவனிக்கப் போவதில்லை. மேரிக்கும் அது வசதிதான்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "அவங்க இங்க இல்லையே, எழுதுங்க," என்றாள். நான் எழுதுவதற்குப் புள்ளி வைத்துத் திருத்துவது அவள்தான். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள், என்னைவிட ஒரு வகுப்பு கூட. எழுதியதைக் கொடுத்தேன். விலையை எழுதியிருந்த வரியை முதலில் அடித்தாள். பிறகு பல் உடைந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். முன்பல் என்பதோடு நிற்காமல், எந்தப் பக்கத்துப் பல் என்றும் நான் எழுதியிருந்தேன்.

"நல்லா யோசிச்சு எழுதுனீங்களா?"

"தலைமாட்டுல நின்னு முழுசாப் பாத்தவன் நான்."

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வாயைத் திறந்து சிரித்தாள். நான் அந்தச் சிரிப்பிலேயே தேடினேன். இரண்டு முன்பல்லும் ஒரே மாதிரி இருந்தன.

"நீங்க எழுதியிருக்கிறது நல்ல பல்லுங்க," என்றாள்.

பக்கத்தைச் சொல்கிற அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். சரியான பக்கம் எது என்று அவள் சொல்லவில்லை.